தொடரிணைப்பும் பக்கவிணைப்பும்

ஒரு வீட்டில் பத்து விளக்குகள் இருப்பின், அவற்றுள் ஒன்று பழுதுற்று அணைந்தபோதும் ஏனைய ஒன்பதும் முன்போலவே எரிகின்றன. விழாப் பந்தரில் தொங்கும் சிறுவிளக்குச் சரத்திலோ, ஒரு விளக்குக் கெட்ட அளவில் சரம் முழுதும் இருண்டுவிடுதலைக் காண்கின்றோம். ஈரிடத்தும் பாய்வது ஒரே மின்சாரம். ஈரிடத்தும் உள்ள கம்பிகள் ஒரே செம்பினால் ஆயவை. பின்னர் இவ்வேறுபாடு யாண்டிருந்து வந்ததெனின், விளக்குகளை மின்கம்பியோடு கூட்டிய முறைமையிலிருந்து வந்ததென்க. அம்முறைமை இருவகைப்படும். ஒன்று தொடரிணைப்பு, மற்றொன்று பக்கவிணைப்பு. தமிழ் பயிலும் மாணாக்கராகிய எமக்கு மின்னியலில் யாது வேலை என வினவுவாரும் உளர். நாடோறும் கையால் தொட்டு ஆளும் ஒரு பொருளின் இயல்பைத் தமிழிலேயே தெளிவுறச் சொல்லிக்கொள்ள இயலுமாயின் அது தமிழ் மாணாக்கர்க்கும் பயனுடைத்தே. அன்றியும், இவ்விரு முறைகளின் வேறுபாட்டை அறியாமையால் வீடு எரிதலும் உயிர் அழிதலும் நேர்வனவாகலின், இஃது ஏட்டளவில் நின்றுவிடும் பொருளும் அன்று.

முதற்கண் மூன்று சொற்களின் பொருளை வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். அவை மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்பன. நீர் நிறைந்த ஓர் ஏரியை மனத்திற் கொள்வோமாக. ஏரியில் நீர் நிற்கும் உயரம் எத்துணை மிகுமோ அத்துணை விசையுடன் அது மதகின் வழியே வெளிப்படும். அவ்வுயரத்தை ஒப்பது மின்னழுத்தம். அதனை வோல்ட் என்னும் அளவையால் அளப்பர். மதகின் வழியே ஒரு நொடியில் எத்துணை நீர் செல்கின்றதோ அதனை ஒப்பது மின்னோட்டம்; அதன் அளவை ஆம்பியர். மதகின் குறுகிய வாய் நீரைத் தடுத்தல்போலக் கம்பியோ விளக்கிழையோ மின்னோட்டத்தைத் தடுப்பது மின்தடை. அதன் அளவை ஓம். இம்மூன்றனுள் இயைபினைச் செருமானிய அறிஞரான கேயார்க் ஓம் 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். அழுத்தத்தைத் தடையால் வகுப்பின் ஓட்டம் வரும் என்பதே அவர் கண்ட விதி. அதன்பின் 1845ஆம் ஆண்டில் கிர்க்காப் என்பார் இரண்டு விதிகளை வகுத்தனர். கம்பிகள் கூடும் ஒரு சந்தியில் வந்து சேரும் ஓட்டமும் பிரிந்து செல்லும் ஓட்டமும் தம்முள் ஒத்திருக்கும் என்பது ஒன்று. ஒரு சுற்றினைச் சுற்றி வருங்கால் ஆங்காங்குச் செலவாகும் அழுத்தங்களின் தொகை, மின்கலமோ பிறிதோ தந்த அழுத்தத்திற்குச் சமமாகும் என்பது மற்றொன்று. இவற்றை வகுத்த காலத்து அவர் இன்னும் பல்கலைக்கழக மாணாக்கராகவே இருந்தனர் என்பது நம்மனோர்க்கு ஊக்கம் தருவதொன்று. இனி யாம் கூறப்புகுவன அனைத்தும் இவ்விதிகளின் விரிவேயாம்.

தொடரிணைப்பாவது, ஒரு விளக்கின் வழியே சென்ற மின்னோட்டமே அடுத்த விளக்கினுள்ளும் புகுந்து, அதனின்றும் மூன்றாவதற்குச் சென்று, இங்ஙனம் ஒரே வழியாகச் சுற்றி மீளுமாறு இணைப்பது. அந்தாதியில் ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாதல் போல்வது இது. இடையே ஒரு செய்யுள் விடுபடின் அந்தாதித் தொடர் அறும்; அதுபோல இடையே ஒரு விளக்கின் இழை அறின் சுற்று முழுதும் அறும். வழி ஒன்றேயாகலின், எல்லா விளக்கினும் ஓடும் மின்னோட்டம் ஒரே அளவினதாகும். தடைகளோ ஒன்றோடொன்று கூடும். அழுத்தம் விளக்குகளுக்குப் பங்கிடப்படும். தடை மிக்கதற்கு மிக்க பங்கும், குறைந்ததற்குக் குறைந்த பங்கும் சேரும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். 230 வோல்ட்டில் எரிதற்குச் செய்யப்பட்ட இழைவிளக்குகள் இரண்டு உள. ஒன்று 100 வாட், மற்றொன்று 40 வாட். முன்னையதன் தடை 529 ஓம். பின்னையதன் தடை ஏறத்தாழ 1,322 ஓம். இவற்றைத் தொடராக இணைத்து 230 வோல்ட் தந்தால் எது மிக ஒளிரும்? 100 வாட் விளக்கே என்று எவரும் விடை கூறுவர். கணக்கிட்டுப் பார்ப்பின், மொத்தத் தடை 1,851 ஓம், ஓட்டம் 0.124 ஆம்பியர். அழுத்தத்தில் 40 வாட் விளக்கு ஏறத்தாழ 164 வோல்ட்டையும், 100 வாட் விளக்கு 66 வோல்ட்டையும் பெறும். ஆதலின் முன்னது 20 வாட் அளவிலும், பின்னது 8 வாட் அளவிலுமே ஆற்றல் கொள்ளும். சிறிய விளக்கு மங்கலாகவேனும் ஒளிர, பெரிய விளக்கு இழை சிவக்கும் அளவில் நின்றுவிடும். இழை குளிர்ந்திருக்குங்கால் அதன் தடை குறையுமாதலின் இவ்வெண்கள் சிறிது மாறுமேனும், விளைவு மாறாது. விளக்கின்மேற் பொறித்த வாட் என்பது அதற்கே உரிய மாறாத குணம் அன்று என்பதும், அஃது இன்ன அழுத்தத்தில் இணைத்தால் இத்துணை ஆற்றல் கொள்ளும் என்னும் குறிப்பேயாம் என்பதும் இதனாற் போதரும்.

இனிப் பக்கவிணைப்பாவது, மின்சாரம் வரும் கம்பிக்கும் மீளும் கம்பிக்கும் இடையே ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே குறுக்காக இணைப்பது. ஏணியின் இரு நெடுங்கால்களுக்கு இடையே படிகள் அமைந்திருத்தல் போல்வது இது. ஓரிடத்து நின்ற ஒரு சொல் செய்யுளிற் பலவிடத்தும் சென்று இயைந்து பொருள் பயப்பதனைத் தண்டியலங்காரமுடையார் தீவகம் என்றனர். தீவகம் என்பதற்கு விளக்கு என்பதே பொருள். அவ்வணியில் ஒரு தொடரை நீக்கினும் ஏனைய தொடர்கள் அச்சொல்லோடு இயைதல் கெடாது. அங்ஙனமே பக்கவிணைப்பில் ஒரு விளக்கை அணைப்பினும் ஏனையவற்றுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றும் முழு அழுத்தத்தையும் பெறும். மேற்கூறிய இரு விளக்குகளையும் பக்கமாக இணைப்பின், 100 வாட் விளக்கு 0.435 ஆம்பியரும், 40 வாட் விளக்கு 0.174 ஆம்பியரும் கொண்டு, தத்தம் முழு ஒளியுடன் எரியும். வரும் கம்பியிலோ இவ்விரண்டன் தொகையாகிய 0.609 ஆம்பியர் ஓடும்.

ஈண்டு ஒரு புதுமை உண்டு. பக்கமாக இணைக்க இணைக்க மொத்தத் தடை குறைந்துகொண்டே வரும். 6 ஓமும் 3 ஓமும் உடைய இரண்டனைத் தொடராக இணைப்பின் 9 ஓம் ஆகும். பக்கமாக இணைப்பின் 2 ஓமே ஆகும். இரண்டு தடைகள் கூடி, அவற்றுட் சிறியதனினும் சிறிய தடையாதல் எங்ஙனம் என மயங்குவார்க்கு ஏரியே விடை தரும். ஏரிக்கரையில் ஒரு மதகு இருந்தவிடத்து இரண்டாவது மதகு ஒன்றைத் திறந்தால், அஃது எத்துணைக் குறுகியதாயினும், நீர் வெளிப்படுதற்குப் புதியதொரு வழியேயன்றோ? முன்னினும் மிக்க நீர் வெளிச்செல்லும். அதுபோலப் பக்கமாகச் சேர்க்கும் ஒவ்வொரு கருவியும் மின்சாரத்திற்கு மேலும் ஒரு வாயில் திறந்துவிடுகின்றது. இவ்வொன்றை மறவாது உளங்கொள்ளல் வேண்டும். பின்னர் இதனால் விளையும் தீங்கைக் கூறுவாம்.

இவ்விரு முறைகளுள் எது ஊர்க்கு ஒளிதரத் தக்கது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரியதொரு வழக்காயிற்று. 1879ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரத்துப் பொதுச் சதுக்கத்தில் சார்லஸ் பிரஷ் என்பார் 12 வில்விளக்குகளை ஏற்றிக் காட்டினர். கரிக்கோல்கள் இரண்டன் இடையே எழும் சுடரால் ஒளிர்வது வில்விளக்கு. அவ்விளக்குகளைத் தொடராகவே இணைத்தல் வழக்கு. ஒன்று அணையின் எல்லாம் அணையுமாகலின், பழுதுற்ற விளக்கை விலக்கி மின்னோட்டம் வேறு வழியே செல்லுமாறு தானே இயங்கும் பொறியொன்றையும் பிரஷ் அமைத்தனர். தெருவிற்கு இஃது ஏற்றது. தெருவிளக்குகள் ஒருங்கே எரிந்து ஒருங்கே அணைவன. வீட்டிற்கோ ஏலாது. ஓர் அறையில் விளக்கை அணைத்தவன் அண்டை வீட்டானையும் இருளில் ஆழ்த்துதல் ஒவ்வுமோ? அன்றியும் வில்விளக்கின் ஒளி கண்ணைக் கூசச் செய்வது. அப்பேரொளியைப் பல சிற்றொளிகளாகப் பகுத்து வீடுதோறும் தருதல் இயலுமா என்பதே அக்காலத்து அறிஞரை வருத்திய வினா.

இயலாது என்றே பலரும் கருதினர். இங்கிலாந்தில் மின்னியலிற் பேரறிஞராய் விளங்கிய வில்லியம் பிரீஸ் என்பார் அவ்வெண்ணத்தை வெறும் மாயவொளி என 1879இல் தள்ளினர். அவர் அறியாதார் அல்லர். அக்காலத்து விளக்குகளின் தடை மிகச் சிறியதாயிருந்தது என்பதனை நோக்கின் அவர் கூற்றின் காரணம் விளங்கும். ஒரு சிறு கணக்கால் இதனைக் காண்போம். 81 வாட் ஆற்றல் கொள்ளும் விளக்கு ஒன்றன் தடை 1 ஓம் எனின், அதற்கு 9 வோல்ட் அழுத்தமும் 9 ஆம்பியர் ஓட்டமும் வேண்டும். இத்தகைய 100 விளக்குகளைப் பக்கமாக இணைப்பின் வரும் கம்பியில் 900 ஆம்பியர் ஓடல் வேண்டும். கம்பியில் வீணாகும் வெப்பமோ ஓட்டத்தின் இருபடியாக வளர்வது. அதனைத் தாங்குதற்கு வேண்டும் செம்பின் விலை ஒன்றே அம்முயற்சியை அழித்துவிடும். இனி, அதே 81 வாட் விளக்கின் தடையை 100 ஓமாக உயர்த்தின், வேண்டும் அழுத்தம் 90 வோல்ட், ஓட்டம் 0.9 ஆம்பியரே. 100 விளக்குகட்கும் 90 ஆம்பியர் போதும். ஓட்டம் பத்தில் ஒன்றாகவே, அதே கம்பியில் வீணாகும் வெப்பம் நூறில் ஒன்றாகும்.

தாமஸ் எடிசன் கண்ட வழி இதுவேயாம். மிக மெல்லிய கரியிழையால் நூறு ஓமுக்கு மேற்பட்ட தடையுடைய விளக்கினை ஆக்கி, 1880ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றனர். வெற்றிடக் குமிழியில் இழையொளி உண்டாக்கினார் அவர்க்கு முன்னும் உளர். தடை மிகுந்த இழையையும் பக்கவிணைப்பையும் ஒன்றற்கொன்று துணையாகக் கண்டதே அவரது தனிச்சிறப்பு. 1882ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க் நகரத்துப் பெர்ல் தெருவில் அவர் நிறுவிய மின்னிலையத்திலிருந்து ஏறத்தாழ 400 விளக்குகள் ஒளிபெற்றன. அவற்றுள் எதனையும் எவரும் தாம் வேண்டியவாறு ஏற்றலாம், அணைக்கலாம். தடை என்பது தீது என்றே கருதிய காலத்தில், விளக்கின் தடையை மிகுத்ததனால் ஊர் ஒளிபெற்றது! இற்றை நாளில் நம் வீடுகளிலும் விடுதிகளிலும் உள்ள விளக்கும் விசிறியும் பக்கமாகவே இணைக்கப்பட்டுள்ளன.

அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் எடிசனோடு தொழில் புரிந்த எட்வர்டு ஜான்சன் என்பார் நியூயார்க்கில் தம் இல்லத்துக் கிறிஸ்துமஸ் மரத்தைச் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகிய 80 மின்விளக்குகளால் அணிசெய்தனர். அன்று புதுமையாயிருந்த அவ்வழக்கம் இன்று எங்கும் பரவிவிட்டது. மார்கழித் திங்களில் நம் இல்லங்களில் விண்மீன் கூட்டைச் சுற்றியும், கோயில் விழாக்களிலும் மணப்பந்தர்களிலும் தொங்கவிடும் சரத்தைச் 'சீரியல் செட்' எனக் கடைத்தெருவில் வழங்குவர். பெயரே அதன் இயல்பை உணர்த்தும். சீரியல் என்பது தொடர் எனப் பொருள்படும். 5 வோல்ட்டே தாங்கும் சிறுவிளக்கு 46 இருப்பின், அவற்றைத் தொடராகக் கோத்து 230 வோல்ட்டில் நேரே இணைத்துவிடலாம். இற்றைநாட் சரங்களில் இழைவிளக்கின் இடத்தை எல்.இ.டி. விளக்குகள் கொண்டனவேனும், தொடராகக் கோக்கும் முறை அவற்றினும் பெரிதும் நின்று நிலவுகின்றது.

இவ்விடத்து ஓர் இடர் மறைந்து கிடக்கின்றது. விளக்குச் சிறிது, அதன் அழுத்தமும் 5 வோல்ட்டே, சரமோ அணைந்து கிடக்கின்றது. ஆதலின் அச்சமில்லை எனக் கருதிக் கெட்ட விளக்கைக் கழற்றி அதன் குழியில் விரலோ கம்பியோ இடுவார் உளர். சரம் எரியுங்கால் அழுத்தம் 46 விளக்குகட்கும் பங்கிடப்படும் என்பது உண்மையே. ஓரிடத்து அறுந்தவழியோ ஓட்டம் இல்லையாகும். ஓட்டம் இல்லாதவழி ஏனை 45 விளக்குகளும் தம் பங்கைக் கொள்ளமாட்டா. ஆகவே 230 வோல்ட் முழுதும் அறுந்த அவ்விடைவெளியிலேயே வந்து நிற்கும். எரியும் சரத்தினும் அணைந்த சரமே கொடிது என்பது இதனாற் பெறப்படும். பிளக்கைச் சுவரினின்றும் பிடுங்கிய பின்னரன்றி அதனைத் தொடலாகாது.

இனிப் பக்கவிணைப்பின் இடரைக் கூறுவாம். தொடரிணைப்பில் ஒரு விளக்கை மிகுதியாகச் சேர்ப்பின் எல்லா விளக்குகளும் மங்கும். மிகைச்சுமை கண்ணுக்குப் புலனாகும். பக்கவிணைப்பிலோ எத்துணைக் கருவிகளைச் சேர்ப்பினும் ஒவ்வொன்றும் குறைவின்றி வேலை செய்வதாகவே தோன்றும். சுமை முழுவதும் சுவரினுள் மறைந்துசெல்லும் கம்பியின்மேல் ஏறும். விடுதியறை ஒன்றில் 6 ஆம்பியர் தாங்கும் பிளக் துளை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்று 4.35 ஆம்பியர் கொள்ளும். 1,200 வாட் மின்கெண்டி ஒன்று 5.22 ஆம்பியர் கொள்ளும். தனித்தனியே நோக்கின் இரண்டும் எல்லைக்கு உட்பட்டனவே. ஒரே துளையிற் பலவாய்ப் பிளக்கை மாட்டி இரண்டையும் ஒருங்கே இயக்கின் 9.57 ஆம்பியர் ஆகும். இஸ்திரிப் பெட்டி தனித்து இயங்கியபோது கம்பியில் எழுந்த வெப்பத்தினும் இப்போது எழும் வெப்பம் ஏறத்தாழ ஐந்து மடங்காம். பெட்டி நன்கு காயும். நீரும் நன்கு கொதிக்கும். கம்பியின் மேலுறை மட்டும் ஒருவரும் அறியாமல் இளகிக் கருகும். இவ்வாறு மூண்ட தீயைப் பின்னர்க் கண்டு வருந்துவதாற் பயன் என்னை?

இதனைக் காத்தற்கு வேண்டுவது யாதெனின், நாம் வீட்டினின்றும் விலக்கிய அத்தொடரிணைப்பேயாம். வீட்டின் வாயிலில் மின்சாரம் புகுமிடத்துப் பியூஸ் என்னும் உருகுகம்பியைத் தொடராக இணைத்துள்ளனர். வீட்டிற்கு வரும் ஓட்டம் முழுதும் அதன் வழியாகவே செல்லல் வேண்டும். ஓட்டம் எல்லை கடப்பின் அது தானே உருகி அறும். ஒன்று அறின் எல்லாம் அறும் என்னும் தொடரின் குறையே ஈண்டுக் காவலாகின்றது. இந்நாளில் பல வீடுகளில் உருகுகம்பிக்கு ஈடாகத் தானே விடுபடும் சுவிட்ச் அமைந்துள்ளது. அதுவும் தொடராக நிற்பதே. ஒவ்வொரு விளக்கிற்கும் உரிய சுவிட்சும் அவ்விளக்கோடு தொடராகவே இணைந்துள்ளது. கைவிளக்கில் 1.5 வோல்ட் மின்கலம் இரண்டனைத் தொடராக இடுதலால் 3 வோல்ட் பெறுகின்றோம். ஆகவே தொடர் தாழ்ந்தது, பக்கம் உயர்ந்தது எனல் பொருந்தாது. தனித்து இயங்கவேண்டுவன பக்கமாகவும், அனைத்தையும் ஆளவேண்டுவன தொடராகவும் நிற்றலே முறைமை.

இக்காவலனை நம்மவர் நடத்தும் திறத்தை நினைக்குங்கால் வருத்தமே மிகுகின்றது. உருகுகம்பி அடிக்கடி அறுகின்றது என்று சினந்து, அதனிடத்துத் தடித்த செம்புக்கம்பியைச் சுற்றி வைப்பாரைப் பலவிடத்தும் காணலாம். அறுதலே அதன் தொழில் என்பதனை அவர் அறியார். தடித்த கம்பியை இட்டபின் எல்லை கடந்த ஓட்டம் தடையின்றிச் செல்லும். உருகவேண்டிய சிறுகம்பி உருகாதாகவே, உருகலாகாத சுவர்க்கம்பி உருகத் தொடங்கும். மற்றொன்றும் அறியத்தக்கது. உருகுகம்பி வீட்டுக் கம்பியைக் காக்குமேயன்றி, அதனைத் தொட்டவரைக் காவாது. பல ஆம்பியர் ஓடினாலன்றி அஃது அறாது. மனிதனைக் கொல்லுதற்கோ ஓர் ஆம்பியரிற் பத்திலொரு கூறு மார்பின் வழியே சென்றாலும் அமையும். அதனாலேயே 30 மில்லி ஆம்பியர் அளவு மின்கசிவினும் சுற்றை அறுக்கும் கருவியை இந்நாளில் வீடுகளில் வைக்கின்றனர்.

மேற்கூறியவற்றால், தொடரிணைப்பில் ஓட்டம் ஒன்றாய் அழுத்தம் பகுபடும் என்பதும், பக்கவிணைப்பில் அழுத்தம் ஒன்றாய் ஓட்டம் பகுபடும் என்பதும், தொடரில் குறை உடனே வெளிப்பட, பக்கத்தில் மிகை மறைந்தே வளரும் என்பதும் விளங்கும். இவற்றை மனனம் செய்து தேர்வில் எழுதுதல் எளிது. ஒரு துளையில் மூன்றாவது பிளக்கை மாட்டப் புகுங்கால் கருவிகளின் வாட் அளவைக் கூட்டி 230ஆல் வகுத்துப் பார்த்தலும், அறுந்த உருகுகம்பியைக் கண்டவிடத்து அஃது ஏன் அறுந்தது என வினவிக் காரணத்தை நீக்கிய பின்னரே உரிய அளவுள்ள கம்பியை இடுவித்தலும் நாம் கைக்கொள்ளத் தக்கன. இக்கணக்கிற்கு ஆகும் பொழுது அரை நிமிடத்தின் மிகாது.